விடியும்வரை

அன்புள்ள ஐயா,

ரஷ்யப் பேரரசி எலிசவேத்தா தன் இருபது ஆண்டு ஆட்சியில் ஒரு மரண தண்டனையிலும் கையெழுத்திடவில்லை என்று சிலாகித்து எழுதியிருந்தீர்கள். அவர் இறந்தபோது 15,000 உடைகள் இருந்தன என்பதும் உங்கள் கட்டுரையில்தான் இருக்கிறது. குடியானவன் வயிறு காய, வேளைக்கு ஒன்றாக உடுத்தித் திரிந்தவரைக் கருணையுள்ளவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உடைகளை விடுங்கள். 1753இல் மாஸ்கோ அரண்மனையில் தீப்பிடித்து 4,000 உடைகள் சாம்பலானது போக மிச்சம்தான் அந்தக் கணக்கு! நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒரு குழந்தையைப் பற்றி.

1741 இறுதியில் ஒரு நள்ளிரவு. மறைந்த பேரரசர் மகா பீட்டரின் மகளான எலிசவேத்தாவுக்கு அப்போது 31 வயது. பிரியோபிரஷென்ஸ்கி படைப்பிரிவின் பாசறைக்குப் போய், நான் யார் மகள் என்று நினைவிருக்கிறதா என்று வீரர்களிடம் கேட்டார். சுமார் 300 பேர் கிளம்பினார்கள். பனியில் அவரால் வேகமாக நடக்க முடியாமல் போகவே தோளில் தூக்கிப்போனதாகச் சொல்வார்கள். ரத்தம் சிந்தாமல் ஆட்சி கைமாறியது. அரியணையிலிருந்து இறக்கப்பட்ட பேரரசன் ஆறாம் இவானுக்கு வயது ஒன்றேகால்.

அவனைக் கொல்லவில்லை, சரி. அவன் பெயர் பொறித்த நாணயங்களைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே அடைத்தார்கள். 1756இல் ஷ்லிசெல்பூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். எலிசவேத்தா காலமான பிறகும் விடுதலை இல்லை. 1764இல், பின்னால் வந்த பேரரசி கேத்தரின் ஆட்சியில், ஒரு அதிகாரி அவனை மீட்க முயன்றபோது காவலர்களே குத்திக் கொன்றார்கள். அப்போது அவனுக்கு 23 வயது.

1743இல் நடாலியா லோபுகினா என்ற அரசவைச் சீமாட்டிக்கு விதித்த மரண தண்டனையையும் பேரரசி குறைத்தார். எப்படி? சவுக்கடி கொடுத்து, நாக்கை அறுத்து, சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். கருணை என்ற சொல்லை நான் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் போட்டுவிட்டேன்.

அதற்காக வெறும் ஆடம்பரக்காரி என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. ஊருக்கு ஊர் வணிகரை மறித்த உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்தவர் அவர். 1755இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் வந்ததும் அவர் ஆட்சியில்தான்.

ஆனால் தான் எந்த நேரத்தில் வந்து அரியணையைப் பிடித்தோம் என்பது அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. படுக்கும் அறையை அடிக்கடி மாற்றுவார். இருட்டில் கண்ணயர மாட்டார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அவர் பாதத்தை வருடிக்கொண்டே தாழ்ந்த குரலில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள், பொழுது விடியும்வரை.