ஓபன் கார்டு: கேள்வியும் பதிலும்

இன்றைக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் ஓபன் கார்டு மட்டும்தான். கார்டு என்றால் கீழே இருந்தபடி எதிராளியைக் காலால் தடுக்கும் நிலை. காலால் எதிராளியின் இடுப்பைக் கட்டாமல், பாதம், கொக்கி, கைப்பிடி இவற்றை வைத்தே அவரைத் தள்ளி நிறுத்துகிற எல்லா நிலைகளும் இதில் சேர்த்தி. முட்டிவலி, எந்தக் கீ (பயிற்சி உடை) வாங்கலாம் போன்றவற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

புது வெள்ளை பெல்ட்: க்ளோஸ்டு கார்டு (காலால் இடுப்பைக் கட்டுவது) பாதுகாப்பாகத்தானே இருக்கிறது? இது எதற்கு?

எதிராளி எழுந்து நின்று உங்கள் கட்டை அவிழ்த்துவிட்டால் அடுத்த விநாடி நீங்கள் இருப்பது ஓபன் கார்டில்தான். விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தினமும் பாஸ் ஆகிறவன்: முட்டியைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, காலைத் தாண்டி (அதுதான் பாஸ்) பக்கவாட்டில் வந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

அதன் பெயர் டொரியாண்டோ. ஓபன் கார்டின் பெரிய பலவீனமே இதுதான்: எதிராளியைப் பிடித்துவைக்கப் பூட்டு ஏதும் இல்லை, அவர் ஓடி வரலாம். ஆனால் கூர்ந்து பாருங்கள். அவர் இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடிக்கிறார், உங்கள் முட்டிகளை ஒரு பக்கம் தள்ளுகிறார், மறுபக்கம் அடி வைக்கிறார். முதல் கட்டத்திலேயே அந்தப் பிடியை உடைக்க வேண்டும். அது தவறினால் அவர் தோளுக்குக் கை கொடுத்து, இடுப்பைப் பின்னால் இழுத்து, முட்டியை நடுவில் நுழையுங்கள். அவர் மார்பு உங்கள் மேல் இறங்கிய பிறகு செய்ய அதிகம் இல்லை. போட்டியில் அதற்கு 3 புள்ளி.

எப்போதும் சொல்வதுதான்: ஒரு பிடியாவது கையில் இல்லாமல் காலை நீட்டாதீர்கள்.

குட்டைக்காலன்: எனக்கு டி லா ரிவா வருமா?

வரும். அந்த கார்டுக்குப் பெயர் கொடுத்த ரிக்கார்டோ டி லா ரிவாவே பெரிய உருவம் கிடையாது. வெளிப்பக்கத்திலிருந்து எதிராளியின் முட்டிக்குப் பின்னால் உங்கள் கால் கொக்கி, அதே பக்கக் கை அவர் குதிகாலில், மற்ற கை சட்டைக்கையில், மற்ற பாதம் இடுப்பில். நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அவர் முட்டியை வெளியே திருப்பிக் கொக்கியை வழுக்கிவிட்டு, ‘நீ கட்’ பாஸில் (முட்டியை உங்கள் கால்களுக்கு நடுவே வெட்டி நுழைத்து) உள்ளே வந்துவிடுவார். சிரமமாக இருந்தால் பட்டர்ஃபிளை கார்டு (உட்கார்ந்து இரு பாதத்தையும் அவர் தொடைக்குள் கொக்கியாக வைப்பது) பழகுங்கள், அதற்கு நீளக்கால் தேவையில்லை. ஜியு-ஜிட்சு வீரர் மார்செலோ கார்சியா அதையும், அவர்களுக்கு அடியில் புகுந்து இரு காலையும் எக்ஸ் போல ஒரு காலில் கோர்க்கும் எக்ஸ் கார்டையும் வைத்தே தன்னைவிடப் பெரியவர்களைத் தூக்கிப் போட்டார்.

நீல பெல்ட்: என் கார்டை எப்போதும் பாஸ் பண்ணிவிடுகிறார்கள்...

டொரியாண்டோ பதிலைப் படியுங்கள்.

தெருக்காரர்: தெருச்சண்டையில் மல்லாந்து படுத்தால் உதைதான் விழும். இதெல்லாம் விளையாட்டு.

பாதி சரி. குத்து வரும் இடத்தில் ஸ்பைடர் கார்டு (சட்டைக்கையைப் பிடித்து அவர் புஜத்தில் பாதம் வைப்பது) போட நானும் சொல்ல மாட்டேன்.

வரலாற்றுப் பிரியர்: ஜப்பான் மல்யுத்த வீரர் இனோகி 1976-இல் குத்துச்சண்டை வீரர் அலியை என்ன செய்தார்? 15 சுற்றும் கீழே கிடந்தே உதைத்தார், அலியின் கால்தான் வீங்கியது!

நல்ல உதாரணம். ஆனால் அது டிரா. இன்னொன்று, அலி குனிந்து உள்ளே போகவே இல்லை. கீழே கிடப்பவருக்குத் தொலைவு இருக்கும்வரை பாதம் ஆயுதம், தொலைவு போனதும் முகம் இலக்கு.

தெருக்காரர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இல்லை, நீங்கள் ‘எல்லாம் வீண்’ என்றீர்கள். மல்லாந்து விழுவது உங்கள் கையில் இல்லை. விழுந்தபின் இடுப்பில் பாதம் வைத்துத் தள்ளி, ஒரு கையை ஊன்றி, காலைப் பின்னால் இழுத்து எழுவது உங்கள் கையில் இருக்கிறது. அதுவும் ஓபன் கார்டு பாடம்தான்.

வரலாற்றுப் பிரியர்: ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி 1994-இல் டான் செவர்னைக் கீழிருந்தே முடித்தாரே?

முடித்தார், டிரையாங்கிளில் (கால்களால் கழுத்தை நெரிக்கும் பிடி). செவர்ன் மல்யுத்த வீரர், மேலிருந்து பெரிதாகக் குத்தவில்லை. இன்றைய ஆள் சும்மா இருக்க மாட்டார். இருவரும் தனியாகத் தொடருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நோ கீ ஆள்: சட்டை இல்லாவிட்டால்?

சட்டைக்கையைப் பிடித்தே ஆடும் ஸ்பைடர், லாசோ கார்டுகள் இரண்டும் போயிற்று. மணிக்கட்டும் கணுக்காலும் வியர்வையில் வழுக்கும், அதனால் கொக்கிதான் முக்கியம். பட்டர்ஃபிளை, எக்ஸ், அதன் வகையான சிங்கிள் லெக் எக்ஸ். கூடவே, நீட்டிய காலை அவர் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். ஒரு பிடியாவது... சரி, தெரியும் உங்களுக்கு.

பெரிம்போலோ ரசிகை: பெரிம்போலோவுக்காக வெள்ளை பெல்ட்டிலேயே தலைகீழாகச் சுழலலாமா?

தோளில் உருளத் தெரிந்தால். கழுத்தில் எடை விழுந்தால் உடனே விட்டுவிடுங்கள், அந்த ஸ்வீப்புக்கு (கீழிருந்து அவரைக் கவிழ்ப்பது) கிடைப்பது 2 புள்ளிதான்.

மஞ்சள் டேப்: ஸ்பைடரில் விரல் வலிக்கிறது, அதோடு என் கார்டு எப்போதும் பாஸ்...

விரலுக்கு: துணியை இறுக்கியபடியே இழுபடாதீர்கள், அவர் பிடியை உடைக்கும்போது விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். மற்றதற்கு மேலே போய்ப் பாருங்கள்.