சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடும் மகள்: போனைப் பிடுங்கினால் சரியாகுமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. சனிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தாள், இப்போது தினமும் ஏதோ ஒரு சாக்கு. சாப்பிட்டாலும் உடனே பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை. எந்நேரமும் ஒல்லியாவது எப்படி என்கிற ரீல்ஸ்தான். போனைப் பிடுங்கிவிடலாமா? (ஒரு தாய், காவேரிப்பட்டினம்)

பதில்: போனுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள் அம்மா. இது பிடிவாதம் இல்லை. உண்ணுதல் கோளாறு என்ற நோயின் அறிகுறிகள் இவை. விரல் முட்டிகளில் பல் உரசிய தழும்பு, காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருப்பது, இவை இருந்தால் வாந்தி எடுக்கிறாள் என்று சந்தேகிக்கலாம். இல்லை என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது.

இந்த வாரமே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 'சரியா சாப்பிடறதில்ல' என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டிவரும். வாந்திச் சந்தேகம், தீட்டு நின்றது, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவும், இதயத்துக்கு ஈசிஜியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். பார்க்க நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைக்கும் இது நடக்கும். மயக்கம், வாந்தியில் ரத்தம், விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. மனநல டாக்டரும் பார்க்க வேண்டும். அதுவரை பேச ஆள் தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்.

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வயிறு முட்டக் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவில் ஆரம்பித்து எப்படிக் கூட்டுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை கடலை, பால், பழம் என்று நேரம் தவறாமல் கொடுங்கள். தட்டில் நீங்களே போடுங்கள், 'எவ்வளவு வேணும்?' என்று அவளிடம் கேட்க வேண்டாம். களியைப் பிட்டுப் பிட்டுத் தட்டோரம் ஒட்டிவிட்டு, அவரைக் குழம்பை மட்டும் தொட்டு நக்கிக்கொண்டிருப்பாள். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னும் ஒரு வாய்' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். தாயமோ பல்லாங்குழியோ ஆடினால் அந்த நேரம் ஓடிவிடும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்க விடாதீர்கள், அமிலம் பட்ட பல் கரையும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

இனி போன். உங்கள் சந்தேகம் வீண் இல்லை. பிஜி தீவில் 1995இல் தொலைக்காட்சி வந்த ஒரு பகுதியில், ஆய்வில் கேட்ட பள்ளி மாணவிகளில் எடை குறைக்க வாந்தி எடுத்தவர் அப்போது ஒருவர்கூட இல்லை. 1998இல் 11.3 சதவீதம். ஆனாலும் நோய்க்குக் காரணம் படம் மட்டுமல்ல. பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள், உங்களிடம் பேசுவதையும் நிறுத்துவாள். எதை அதிக நேரம் பார்க்கிறாளோ அதையே செயலி மேலும் மேலும் காட்டும். அதனால் அவளோடு உட்கார்ந்து அந்த மாதிரி ரீல்ஸ் ஒவ்வொன்றுக்கும் 'ஆர்வமில்லை' கொடுக்க வையுங்கள், கலோரி கணக்குச் செயலிகளை அழிக்க வையுங்கள். சாப்பிடும்போது வீட்டில் யார் கையிலும் போன் வேண்டாம், அப்பா உட்பட.

பாட்டி, அத்தைமாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: 'இளைச்சிட்டியே', 'பூசினாப்ல இருக்கியே', இரண்டும் அவள் காதில் விழக்கூடாது.