மும்மூன்றாக அடுக்கினால் பேச்சு நிற்குமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு மகள் காமராசரைப் பற்றி 5 நிமிடம் பேச வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கினோம். வரிக்கு வரி மூன்று மூன்றாக அடுக்கியிருக்கிறது. பாதியில் மறந்து நிற்கிறாள். எதை வெட்டுவது?

பதில்: பிள்ளையின் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பத்தியில் 'எளிமை, நேர்மை, தூய்மை', இன்னொன்றில் 'நேர்மை, எளிமை, வாய்மை' என்றிருந்தால் நாக்கு இடையிலுள்ளதை விட்டுத் தாவத்தான் செய்யும். 5 நிமிடத்துக்கு இரண்டு அடுக்கு போதும்: நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று.

காமராசர் பெயரை எடுத்துவிட்டுக் கக்கன் என்று போட்டுப் படியுங்கள். அப்படியே பொருந்துகிற வரிதான் முதலில் போக வேண்டியது. எழுதி விற்கிறவர்களில் பலர் பெயரை மட்டும் மாற்றி நாலு வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே மேடையில் இரண்டு பிள்ளைகள் ஒரே வரியைச் சொன்னால் கூனிக்குறுகுவது பிள்ளைகள்தான். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தடுமாறாமல் ஒப்பிப்பதற்கென்றே மதிப்பெண் ஒதுக்கும் போட்டிகள் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. எத்தனை தடவை சொன்னாலும் நடத்துகிறவர்கள் காதில் ஏறுவதில்லை.

வெட்டிய இடத்தில் அவர் செய்ததை வையுங்கள்: 'பள்ளி திறந்தார், சீருடை கொடுத்தார், பசித்த பிள்ளைக்கு மதியச் சோறும் போட்டார்.' மூன்றும் வினை, மூன்றும் ஒரே முடிவு, கனமானது கடைசியில். அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' மூன்றும் ககரத்தில் தொடங்கி, 3, 5, 6 எழுத்துகளாக நீள்கின்றன. வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கிவிடும். 'அன்பு, பாசம், நேசம்' என்பது மூன்றல்ல, ஒன்றுதான்.

கட்டணமில்லாக் கல்வியையும் சேர்த்தால் நான்காகிறதே என்பீர்கள். உண்மையிலேயே நான்கு இருந்தால் எதையும் தள்ள வேண்டாம். ஆனால் ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். 1940 மே 13 அன்று பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னவை நான்கு: இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை. ஊர் வாயில் நின்றவை மூன்றே, உழைப்பு உதிர்ந்துபோனது. உதிரக்கூடாத நான்காவதைத் தனி வாக்கியமாக்கி, அடுக்குக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கையில் இரண்டுதான் இருக்கிறதா? இரண்டோடு நிறுத்துங்கள்.

மூன்றாவதுக்கு முன் அரை மூச்சு நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னபின் முழு மூச்சு. கைதட்டல் எழுந்தால், அடங்கும்வரை அடுத்த வரியை எடுக்க வேண்டாம்.