பாரிசவாயுவுக்குத் தபாலில் வைத்தியம்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பாரிசவாயு (பக்கவாதம்) வந்து ஒரு பக்கம் கைகால் விழுந்தபோது, பட்டணத்து டாக்டருக்குக் கடிதம் போட்டு, பதிலில் வந்தபடிதான் வைத்தியம் பார்த்தார்களாம். ஆளையே பார்க்காமல் எப்படி? பாட்டி கதை விடுகிறாரா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பாட்டியைச் சந்தேகப்படாதீர்கள், இது பழைய வழக்கம்தான். ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் வில்லியம் கல்லன் (1710-1790) என்ற மருத்துவப் பேராசிரியர் தபாலிலேயே பெரிய பிராக்டிஸ் நடத்தினார். நோயாளி எழுதுவார், இல்லை வீட்டார் எழுதுவார்கள், பல நேரம் உள்ளூர் வைத்தியரே எழுதுவார்: எந்தப் பக்கம் விழுந்தது, பேச்சு குழறுகிறதா, வயது என்ன, குடி உண்டா, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா, இதுவரை என்னென்ன கொடுத்துப் பார்த்தாச்சு, எல்லாம். 1781-லிருந்து, ஜேம்ஸ் வாட் (நீராவி இன்ஜின் ஆசாமியேதான்) செய்த நகல் பொறியில், அனுப்பும் பதிலை மெல்லிய ஈரத்தாளில் அழுத்திப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

பார்க்காமல் எப்படி என்றால், நேரில் பார்த்திருந்தால் மட்டும் என்ன பெரிதாகத் தெரிந்திருக்கும்? ஸ்டெதஸ்கோப்பே 1816-ல்தான் வந்தது, கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கும் கருவி 1896-ல். அதற்கு முன் நாடி, நாக்கு, சிறுநீர், அப்புறம் நோயாளி சொல்லும் கதை, அவ்வளவுதான். அந்தக் கதை கடிதத்தில் இன்னும் விவரமாகவே வரும்.

ஆனால் சொன்ன வைத்தியம்? ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, கடுகு தேய்ப்பது, ஒருவகை வண்டை அரைத்துப் பிளாஸ்திரி போட்டுக் கொப்புளம் எழுப்புவது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்கு 1783 ஜூன் 17 அன்று விடியற்காலையில் பேச்சு நின்றுபோனது. மனுஷன் உடனே மனசுக்குள் லத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுள் கட்டிப் பார்த்தாராம், செய்யுள் சுமார்தான் என்பது தனக்கே தெரிந்ததால் புத்தி கெடவில்லை என்று தைரியம் வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி கேட்டதும் சீட்டு எழுதித்தான். அவருக்கும் முதுகிலும், காதிலிருந்து தொண்டை வரையிலும் கொப்புளப் பிளாஸ்திரிதான். சில நாளில் பேச்சு திரும்பியது. பிளாஸ்திரியால் அல்ல, லேசான பக்கவாதம் தானாகவே தேறுவது உண்டு. அந்தக் கால வைத்தியர் பலர் பேர் வாங்கியது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: கரண்ட் வைத்தால் விழுந்த கைகால் எழுந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்கிறார். மாமனாரைக் கூட்டிப் போகலாமா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: இதற்கு 1757-லேயே ஒருவர் கடிதத்தில் பதில் எழுதிவிட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் பிரிங்கிள் என்ற மருத்துவருக்கு எழுதியது. மின்சாரம் பிடித்து வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடிகள் இரண்டை வைத்து, விழுந்த கைகாலில் தினம் மூன்று தடவை அதிர்ச்சி கொடுத்திருக்கிறார். முதலில் உறுப்பில் சூடு தெரிந்தது, மறுநாள் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி வந்தது, கொஞ்சம் அசையவும் செய்தது. ஐந்தாம் நாளுக்கு மேல் முன்னேற்றமே இல்லை, நோயாளிகள் மனசு விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்பினார்கள், கொஞ்ச நாளில் பழைய நிலைதான். நிரந்தரப் பலன் எதையும் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். அதைவிட முக்கியம், அந்தக் கொஞ்சப் பலன்கூட மின்சாரத்தால்தானா, இல்லை பயணமும் தினமும் தன் வீட்டுக்கு வந்துபோன உடற்பயிற்சியும் குணமாகும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து கொடுத்ததா என்று அவரே கேட்டிருக்கிறார். தோற்ற வைத்தியத்தை இவ்வளவு நேர்மையாக எழுதுபவர்கள் இன்றைக்கும் குறைவு.

இப்போது பிசியோதெரபியில் சின்ன அளவு மின்தூண்டல் உண்டு, ஆனால் பயிற்சிக்குத் துணையாகத்தான், அதுவும் நோயாளியைப் பரிசோதித்த பிறகு. ஊர்க்காரர் கரண்டுக்குச் செலவழிக்கும் காசில் வேலூருக்கு பஸ் ஏறுங்கள். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், 1960-களில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறையை உருவாக்கியவர். வேலூர் பாகாயத்தில் அதற்கென்றே மையம் இருக்கிறது. மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே பயிற்சி கொடுத்து வேலை வாங்குவார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாய் கோணி, கை மரத்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் தெரிந்த டாக்டருக்கு அனுப்பினால் போதுமா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: போதாது. உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டோம், அச்சில் போடுவது மற்றவர்களுக்காக. தானே சரியானாலும் அது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை, அடுத்த இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம். சரியாகாமல் நின்றுவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். வீடியோவில் ரத்தக்கசிவு தெரியாது. 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாட்ஸ்அப்பெல்லாம் பிற்பாடு, மாத்திரை அளவு கேட்க.