24-14-2: கடைசி எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: மகன் பாஸ்டன் யுனிவர்சிட்டியில் படிக்கிறான். அவன் நச்சரித்து நச்சரித்து நாங்களும் அவன் காலேஜ் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். கிரிக்கெட் புள்ளிப்பட்டியல் என்றால் புரிகிறது, இது புரியவில்லை. 2024-25 சீசனை அணி 24-14-2 என்று முடித்ததாகப் போட்டிருக்கிறார்கள். ஷூட்அவுட்டில் ஜெயித்தால் இதில் எந்த எண் கூடும்? அந்த வருஷம் லீக் கோப்பையை மெய்ன் வாங்கியிருக்க, தேசிய இறுதி ஆட்டத்துக்கு இவர்கள் எப்படிப் போனார்கள்? மார்ச் மாத ஆட்டங்களை நேரில் பார்க்க டிக்கெட்டை எப்போது எடுப்பது?

பதில்: முதல் எண் வெற்றி, நடு எண் தோல்வி, கடைசி எண் டிரா. பலரும் தடுமாறுவது கடைசி எண்ணில்தான். காரணம் என்ஹெச்எல் என்ற தொழில்முறை ஹாக்கி லீக்கின் பட்டியல். அங்கே மூன்றாவது எண் ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (ஆட்டக்காரர் ஒருவர் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்வது) தோற்ற ஆட்டங்களைக் குறிக்கும். காலேஜ் ஹாக்கியில் ஓவர்டைமில் தோற்றாலும் அது முழுத் தோல்விதான், நடு எண்ணில் ஏறும். ஷூட்அவுட் வரை போன ஆட்டமோ, யார் ஜெயித்தாலும் இரண்டு அணிக்கும் டிரா. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான்: ஷூட்அவுட்டில் ஜெயித்தால் கூடுவது கடைசி எண்.

அப்படியானால் ஷூட்அவுட் எதற்கு? கான்ஃபரன்ஸ் (காலேஜ் அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) புள்ளிக்காக. ஒரே ஆட்டம் மூன்று கணக்கில் மூன்று விதமாகப் பதிவாகிறது: வெற்றி-தோல்விப் பதிவு ஒன்று, கான்ஃபரன்ஸ் புள்ளி ஒன்று, தேசிய தரவரிசைக் குறியீடு ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் குழப்பத்தில் பாதி தீரும்.

பாஸ்டன் யுனிவர்சிட்டி ஆடும் ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் கணக்கு இப்படி. 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. சமநிலையில் இருந்தால் கோல்கீப்பர் தவிர பக்கத்துக்கு மூன்று ஆட்டக்காரர்களோடு 5 நிமிட ஓவர்டைம், முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். அதிலும் கோல் இல்லையென்றால் ஷூட்அவுட். ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ ஜெயித்தவருக்கு 2, தோற்றவருக்கு 1. ஆக, எந்த ஆட்டமானாலும் இரு அணிக்கும் சேர்த்து 3 புள்ளிதான்.

ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்வோம். காலேஜ் ஹாக்கியில் பெரும்பாலும் வெள்ளி இரவு ஒன்று, சனி இரவு ஒன்று. பல சமயம் இரண்டும் ஒரே அணியோடுதான். உங்கள் அணி இரண்டு இரவும் ஷூட்அவுட்டில் ஜெயிக்கிறது: பதிவில் 0-0-2, புள்ளி 4. வேறொரு ஊரில் ஒரு அணி வெள்ளியன்று 5-1 என்று ஜெயித்து, சனியன்று 60 நிமிடத்தில் தோற்கிறது: பதிவில் 1-1-0, புள்ளி 3. வெற்றியே இல்லாத அணி பட்டியலில் மேலே நிற்கும். இன்னொரு அணி இரண்டு இரவும் ஓவர்டைமில் தோற்றால் பதிவு 0-2-0, ஆனாலும் கையில் 2 புள்ளி இருக்கும். அதனால் கான்ஃபரன்ஸ் வரிசையைப் பார்க்கும்போது வெற்றி-தோல்வி எண்ணை மறந்துவிட்டுப் புள்ளியை மட்டும் பாருங்கள். சீசன் நடுவில் அணிகள் சமமான எண்ணிக்கையில் ஆடியிருக்காது. புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதுதான் சரி. ஹார்வர்ட், கார்னெல் போன்ற ஐவி லீக் காலேஜ்கள் மற்றவர்களைவிடச் சில வாரம் தாமதமாகத்தான் ஆடத் தொடங்கும். நவம்பரில் அவர்கள் பெயருக்கு எதிரே குறைந்த ஆட்டங்கள் இருப்பதைப் பார்த்து எடை போடக்கூடாது.

சீசன் அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவில் ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 34 ஆட்டம் உச்சவரம்பு. ஹாக்கி ஈஸ்டில் 11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் கான்ஃபரன்ஸ் ஆட்டம் 24. மீதி 10 வெளி அணிகளோடும் போட்டித் தொடர்களிலும். பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் பாஸ்டனின் டிடி கார்டன் அரங்கில் நடக்கும் பீன்பாட் இந்தப் பத்துக்குள் வருகிறது. பாஸ்டன் யுனிவர்சிட்டி, பாஸ்டன் காலேஜ், ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் நான்கும் 1952 முதல் மோதிவரும் தொடர் அது. 2025 பீன்பாட் இறுதியில் உங்கள் அணி பாஸ்டன் காலேஜை 4-1 என்று வென்றது. இரண்டுமே ஹாக்கி ஈஸ்ட் அணிகள்தான், ஆனாலும் அந்த வெற்றிக்குக் கான்ஃபரன்ஸ் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. பதிவிலும் தேசியக் குறியீட்டிலும் மட்டும் சேரும். அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியோடு காலேஜ்கள் ஆடுவது வெறும் காட்சி ஆட்டம், எந்தக் கணக்கிலும் வராது. அட்டவணையில் அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, பதிவோடு கூட்டல் ஒத்துப்போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 24-14-2 கூட்டினால் 40: வழக்கமான சீசன் 34, ஹாக்கி ஈஸ்ட் தொடரில் 2, தேசியத் தொடரில் 4.

இப்போது இரண்டாவது கேள்வி. தேசியத் தொடருக்கு 16 இடம். ஆறு கான்ஃபரன்ஸ், ஒவ்வொன்றின் மார்ச் மாதத் தொடரை வெல்பவருக்கும் ஓர் இடம் உறுதி. மீதி 10 இடம் தேசியக் குறியீட்டு வரிசைப்படி. 2025-ல் ஹாக்கி ஈஸ்ட் கோப்பையை மெய்ன் வென்றது. பாஸ்டன் யுனிவர்சிட்டி குறியீட்டு வரிசையில் உள்ளே வந்து, இறுதிவரை போய், செயின்ட் லூயிஸில் வெஸ்டர்ன் மிஷிகனிடம் 2-6 என்று தோற்றது.

இந்த வரிசையைக் கணக்கிட முன்பு பேர்வைஸ் என்ற ஒப்பீட்டு முறை இருந்தது. 2025-26 முதல் என்பிஐ என்ற குறியீடு. உள்ளே கணக்கு நீளம். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது சிலதான். யாரை ஜெயித்தீர்கள் என்பதற்கு, எத்தனை ஜெயித்தீர்கள் என்பதைவிட எடை அதிகம். வெளியூர் வெற்றிக்கு உள்ளூர் வெற்றியைவிட மதிப்பு கூடுதல். ஓவர்டைம் வெற்றிக்கு முழு மதிப்பு கிடைக்காது, ஒரு பங்கு தோற்றவருக்குப் போகும். ஷூட்அவுட் ஆட்டம் சரிபாதி. மிகவும் பலவீனமான அணியை ஜெயித்ததால் சராசரி இறங்கும் என்றால் அந்த வெற்றியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கோல் வித்தியாசத்துக்கு இதில் இடமே இல்லை. நெட் ரன் ரேட் மாதிரி நினைத்துக்கொண்டு 8-1 வெற்றிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

அக்டோபர், நவம்பர் வெளி ஆட்டங்களை ரசிகர்கள் அலட்சியமாக விடுகிறார்கள். எங்கள் பார்வையில் சீசனிலேயே கனமான ஆட்டங்கள் அவைதான். ஜனவரிக்குப் பிறகு ஹாக்கி ஈஸ்ட் அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார். மொத்தக் கான்ஃபரன்ஸின் மதிப்பு அசையாது. அதை நிர்ணயிப்பது வெளி அணிகளோடு அதற்கு முன் ஆடியதுதான். ஆகவே அக்டோபரில் உங்கள் ஜென்ம வைரி பாஸ்டன் காலேஜ் ஒரு மேற்கத்திய அணியை ஜெயித்தால், மனசுக்குள்ளாவது கைதட்டுங்கள். உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பிப்ரவரி கடைசியில் அணி குறியீட்டு வரிசையில் 12-க்குள் இருந்தால் ஓரளவு நிம்மதி. 13 முதல் 16 வரை வயிற்றில் புளி கரையும் இடம். குறியீட்டில் 16-க்கு வெளியே இருக்கும் ஒரு அணி தன் கான்ஃபரன்ஸை வென்றுவிட்டால் அடியிலிருந்து ஓர் இடம் பறிபோகும். அப்படி மூவர் வென்றால் 14-வது அணிக்கு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

டிசம்பர் கடைசியில் அணி எதிர்பாராமல் தோற்றால், பயிற்சியாளரைத் திட்டுவதற்கு முன், அன்று ஆடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். உலக ஜூனியர் போட்டி டிசம்பர் 26 வாக்கில் தொடங்கும். 20 வயதுக்குட்பட்ட சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே போயிருப்பார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தங்கம் வென்றபோது தொடரிலேயே அதிகப் புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கைகொடுத்ததும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர் அப்போது உங்கள் அணியில் இருந்த தடுப்பாட்டக்காரர் கோல் ஹட்ஸன். நட்சத்திரங்களை நம்பி இரண்டு வருஷத் திட்டமும் போடாதீர்கள்: மாக்லின் செலப்ரினி உங்கள் அணியில் 2023-24 ஒரே சீசன் ஆடி, காலேஜ் ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதை வாங்கிக்கொண்டு என்ஹெச்எல்லுக்குப் போய்விட்டார்.

கடைசியாக டிக்கெட். ஹாக்கி ஈஸ்ட் தொடரில் 11 அணிக்கும் இடம் உண்டு. முதல் 5 அணிகள் நேராகக் காலிறுதி. காலிறுதி மேல் வரிசை அணியின் சொந்த அரங்கில், அரையிறுதியும் இறுதியும் டிடி கார்டனில். இதற்கு முன்கூட்டி எடுத்தாலும் நஷ்டமில்லை, வீட்டுக்குப் பக்கம்.

தேசியத் தொடரின் முதல் இரண்டு சுற்றுக்கு அவசரப்படாதீர்கள். நான்கு ஊர்களில் நான்கு நான்கு அணிகள். போட்டியை நடத்தும் காலேஜ் தகுதி பெற்றால் அதை அந்த ஊரில்தான் போட்டாக வேண்டும். முதல் சுற்றில் ஒரே கான்ஃபரன்ஸ் அணிகளை மோதவிடுவதைத் தவிர்ப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து அணிகளைத் தூக்கி எங்கெங்கோ போடும். 2025-ல் பாஸ்டனிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் மான்செஸ்டர் இருந்தது. பக்கம்தானே என்று முன்னாலேயே டிக்கெட் எடுத்தவர் ஏமாந்திருப்பார்: பாஸ்டன் யுனிவர்சிட்டிக்குக் கிடைத்தது ஒஹையோவின் டொலீடோ. எந்த அணி எங்கே என்பது கான்ஃபரன்ஸ் இறுதிகள் முடிந்த ஞாயிறன்றுதான் தெரியும், ஆட்டம் அந்த வியாழன், வெள்ளியிலேயே தொடங்கிவிடும். அறையை மட்டும் ரத்து செய்யக்கூடியதாகப் பிடித்துவையுங்கள். விமான டிக்கெட்டையும் அரங்கச் சீட்டையும் ஞாயிறன்று எடுங்கள். மாணவர் ஒதுக்கீடு பற்றி மகனைக் காலேஜ் டிக்கெட் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

தேசியத் தொடரில் ஷூட்அவுட் கிடையாது. ஐந்து பேரோடு 20 நிமிட ஓவர்டைம், கோல் விழும்வரை மறுபடி மறுபடி. 2025 அரையிறுதியில் வெஸ்டர்ன் மிஷிகன் டென்வரை 3-2 என்று வென்றது இரண்டாவது ஓவர்டைமில். இரவு விமானத்தில் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஃப்ரோஸன் ஃபோர் (தேசியத் தொடரின் அரையிறுதிகளும் இறுதியும்) நடக்கும் ஊர் சில வருஷம் முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். வியாழன் அரையிறுதிகள், சனி இறுதி. உங்கள் அணி இறுதிக்குப் போய்விட்டால் வியாழன் இரவே மறுவிற்பனைத் தளங்களைப் பாருங்கள். அப்போதுதான் தோற்ற இரண்டு அணிகளின் ரசிகர்கள் தங்கள் சனிக்கிழமைச் சீட்டுகளை விலைக்கு விடுவார்கள்.