புள்ளி விழாத டிக்கெட் காப்புறுதியைப் பாதிக்குமா?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் நகரில் வசிக்கிறேன். நெடுஞ்சாலை 404இல், 100 கிலோமீற்றர் எல்லையுள்ள இடத்தில் 128இல் போனதாகப் பொலிஸ் மறித்தது. அதிகாரி 115 என்று குறைத்து எழுதி, "புள்ளி விழாது" என்று சொல்லி டிக்கெட்டைத் தந்தார். இதுவே என் முதல் டிக்கெட். புள்ளி இல்லையென்றால் காப்புறுதிக் கம்பனிக்குத் தெரியவராது, காசைக் கட்டிவிடு என்கிறார் நண்பர். ஜி2 அனுமதிப்பத்திரம் (முழு அனுமதிக்கு முந்திய, புதிய சாரதிக்கான கட்டம்) வைத்திருக்கும் மகளும் இதே காரைத்தான் ஓட்டுகிறாள். கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். நண்பர் சொன்னது ஒன்ராறியோவில் பலரும் நம்புகிற, பலருக்கும் செலவு வைத்த ஒரு தவறான கருத்து.

டிமெரிட் புள்ளி என்பது உங்கள் அனுமதிப்பத்திரத்தை வைத்திருக்க விடலாமா என்று மாகாண அரசு பார்க்கும் கணக்கு. எல்லையை 15 கிலோமீற்றர் வரை மீறினால் புள்ளி இல்லை. 16 முதல் 29 வரை மூன்று. 30 முதல் 49 வரை நான்கு. 50 அல்லது அதற்கு மேல் ஆறு. காப்புறுதிக் கம்பனி இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அது உங்கள் சாரதிப் பதிவை எடுத்து, அதில் எத்தனை குற்றத்தீர்ப்புகள் உள்ளன, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்றே பார்க்கிறது. புள்ளியே விழாத 115உம் அந்தப் பதிவில் ஒரு குற்றத்தீர்ப்பாகவே ஏறும். சாதாரண வேக மீறல்களைக் கம்பனிகள் பொதுவாகச் சிறு குற்றம் என்ற ஒரே வகையில் சேர்ப்பதால், அதிகாரி 128ஐ 115 ஆக்கியது உங்களுக்குப் புள்ளியிலும் அபராதத்திலும் நன்மை தந்ததே தவிர, காப்புறுதியில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. நகரசபைகளின் வேகக் கமராக்கள் அனுப்பிய டிக்கெட்டுகள் கார் உரிமையாளரின் பெயருக்கு வந்தன, சாரதிப் பதிவில் ஏறவில்லை. 2025 நவம்பரில் அந்தக் கமராக்களை மாகாணம் தடைசெய்துவிட்டது. உங்கள் நண்பரின் நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கலாம். அதிகாரி நேரில் மறித்துத் தந்த டிக்கெட் அப்படிப்பட்டதல்ல.

இரண்டு கணக்குகளுக்கும் காலமும் வேறு. புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் நிற்கும். காப்புறுதிக் கம்பனிகளோ குற்றத்தீர்ப்பு நாளிலிருந்து வழக்கமாக மூன்று ஆண்டுகள் பார்க்கும். நீங்கள் அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதால், அன்றிலிருந்தே மூன்றாண்டு எண்ணப்படத் தொடங்கும்.

கட்டணம் எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு கம்பனியும் தனது கட்டண முறையை மாகாணத்தின் நிதிச்சேவை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனித்தனியே சமர்ப்பித்து ஒப்புதல் பெறுவதால், ஒரே டிக்கெட்டை ஒரு கம்பனி பொருட்படுத்தாமல் விடலாம், இன்னொன்று அதுவரை தந்த கழிவை நிறுத்திவிடலாம். முதலாவது சிறு குற்றத்துக்குப் பல கம்பனிகள் கட்டணத்தைக் கூட்டுவதில்லை என்பது உங்களுக்கு ஆறுதல். ஆனால் அதே மூன்றாண்டுக்குள் இரண்டாவது வந்தால் நிலைமை மாறும். மூன்றாவது வந்தால் சில கம்பனிகள் புதுப்பிக்கவே மறுக்கும். ஆகவே இந்த முதல் டிக்கெட்டின் உண்மையான விலை, அடுத்ததற்கு இடமில்லாமல் செய்துவிடுவதுதான்.

டிக்கெட்டின் பின்புறத்தில் மூன்று வழிகள் தரப்பட்டிருக்கும்: கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசுவது, விசாரணைக்குப் போவது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அங்கே "புள்ளி குறையுமா?" என்று கேட்காதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே புள்ளி இல்லை. "நீங்கள் தரும் மாற்றுக் குற்றச்சாட்டு என் சாரதிப் பதிவில் ஏறுமா?" என்று கேளுங்கள். ஏறும் என்றால் அந்த மாற்றத்தால் காப்புறுதியில் உங்களுக்குப் பெரிய இலாபமில்லை, கட்டிவிடலாம். விசாரணைக்குப் போவதென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்னறிவிப்புக் கொடுத்து, குறைத்து எழுதிய வேகத்தைப் பழையபடி 128க்கு உயர்த்துமாறு வழக்குத்தொடுநர் கேட்கலாம். தோற்றால் மூன்று புள்ளியும் கூடிய அபராதமும் வரும். மூன்றாண்டுக் கணக்கும் அந்தப் பிந்திய நாளிலிருந்தே தொடங்கும். பராலீகல் (வழக்கறிஞர் அல்லாத, இத்தகைய வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) ஒருவரை அமர்த்துவது, ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருப்பவருக்குப் பொருத்தமான செலவு. முதலாவது டிக்கெட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அமர்த்தினால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள், வெற்றி நிச்சயம் என்று சொல்பவரைத் தவிருங்கள்.

எதைச் செய்தாலும் 15 நாட்களுக்குள் செய்யுங்கள். பதில் சொல்லாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படும். அபராதத்தையும் கட்டாமல் விட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். அது தெரியாமல் கார் ஓட்டி அகப்பட்டால், காப்புறுதிக் கம்பனி அதைச் சிறு குற்றமாகக் கொள்ளாது.

மகளுக்கு விதி கடுமையானது. ஜி2 சாரதி நான்கு அல்லது அதற்கு மேல் புள்ளி விழும் ஒரு குற்றத்துக்கு, உதாரணமாக 30 கிலோமீற்றர் மீறலுக்குத் தீர்ப்புப் பெற்றால், முதல் முறையே 30 நாள் இடைநிறுத்தம். அனுபவம் குறைந்த சாரதியின் தீர்ப்பு அந்தக் காரின் கட்டணத்தில் உங்களுடையதைவிடப் பாரமாகவே விழும். வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் 40 கிலோமீற்றர் மீறினால் அது 'ஸ்டன்ட் டிரைவிங்' என்ற பாரதூரமான குற்றமாகி, கார் அந்த இடத்திலேயே 14 நாளுக்குப் பறிக்கப்படும். அதை அவளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த டிக்கெட் தீர்ப்பாகிவிட்டால், காப்புறுதி புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் பழைய கட்டணத்துடன் ஒப்பிட்டு, கூடியிருந்தால் வேறு இரண்டு முகவரிடமாவது விலை கேளுங்கள். தீர்ப்பை மறைக்காமல் சொல்லியே கேளுங்கள், அவர்களும் பதிவை எடுப்பார்கள். தீர்ப்பு நாளைக் குறித்துவைத்து, மூன்று ஆண்டு முடிந்த பின் வரும் புதுப்பிப்பில் அது நீக்கப்பட்டிருக்கிறதா என்று முகவரிடம் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.