எடைக்குப் போடும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாமனாரின் அலமாரியில் ‘எழுத்து’ இதழ்களின் பைண்டு தொகுப்புகளும், எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறு, விமர்சனம் என்று நூறு புத்தகங்களுக்கு மேலும் இருக்கின்றன. பழைய புத்தகக் கடைக்காரர் மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். இதழ்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். சி.சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ இலக்கிய இதழ் 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை வந்தது. ஓர் ஆண்டின் இதழ்கள் விடுபடாமல் இருந்தால் அதன் மதிப்பே வேறு. ஆனால் பைண்டு தொகுப்பை நம்பி விலை பேசக்கூடாது. அந்தக் காலத்தில் பைண்டிங் செய்தவர்கள் பெரும்பாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். சில சமயம் பக்க எண்ணும் சேர்ந்து போயிருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டி மாதம், அட்டை, விடுபட்ட பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களில் ‘முதற் பதிப்பு’ என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிப்பகம் மாறினால் புதியவரும் அதையே போடுவது நம் வழக்கம். ஆண்டே போடாத புத்தகமும் உண்டு. அங்கே விலை கைகொடுக்கும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தைய அச்சு. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. மேலே ஒட்டிய விலைச் சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். விற்காமல் கிடந்த பிரதிக்குப் பின்னால் ஒட்டியதாக இருக்கும்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே கூடாது. பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். ஈரம் பட்டதை வெயிலில் காயப்போடாமல் மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். இணையத்தில் தெரிவது கேட்கும் விலை. போகும் விலை அதைவிடக் குறைவு. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் கேட்டுவிட்டுக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு ஓர் எழுத்தாளர் எழுதிய நாற்பது கடிதங்கள் என்னிடம் உள்ளன. அவர் இப்போது இல்லை. புத்தகமாகப் போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: காகிதம் உங்களுடையது, வாசகம் அவருடையது. கடிதத்தை யாருக்கும் விற்கலாம், அச்சிட முடியாது. எழுதியவரின் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ‘இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதே’ என்று பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். வாழ்நாளில் வெளிவந்த எழுத்துக்குத்தான் பதிப்புரிமையின் 60 ஆண்டை இறப்பிலிருந்து கணக்கிடுவார்கள். இறக்கும்போது பதிப்புரிமை இருந்து, அதுவரை அச்சேறாத எழுத்துக்கு, முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அவர் படைப்புகள் நாட்டுடைமை ஆகியிருந்தாலும் கடிதங்களும் அதில் அடங்குமா என்று அரசாணையைப் படித்துப் பாருங்கள். ஒரு மகனின் கையெழுத்து போதாது. எல்லா வாரிசுகளிடமும் எழுத்தில் வாங்குங்கள். அட்டையில் போடும் புகைப்படத்துக்கும் தனியாக அனுமதி வேண்டும்.

கேள்வி: என் கட்டுரை நூலை நானே வெளியிடுகிறேன். ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். நியாயமா?
– வாசகர், சேலம்

பதில்: ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண். அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அவர் கேட்பது அலைச்சல் கூலி. பேப்பர்பேக், கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். அச்சாகி வந்ததும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போதே இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.